கெம்னிட்ஸில் படிக்கப் போகும் மகள்: படத்தில் வராத நாட்களும் படத்தில் வரும் பயணங்களும்

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளியும் மாவும் பயிரிடும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அவருடைய மகள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்து முடித்தவர். ஜெர்மனியின் கிழக்கே, சாக்சனி மாநிலத்தின் கெம்னிட்ஸ் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் பெற்று, அக்டோபர் பருவத்துக்குப் புறப்பட இருக்கிறார். முன்பே போன ஊர்ப்பிள்ளைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாரிஸ் கோபுரமும் சுவிட்சர்லாந்துப் பனிமலையும்தான் தெரிகின்றன. நிலத்தை ஈடு வைத்து வாங்கிய கல்விக் கடனில் போகிறவர்கள் படிக்கிறார்களா, ஊர் சுற்றுகிறார்களா என்பது அவருடைய முதல் கேள்வி. அங்கே ஒரு சாதாரண நாள் எப்படிக் கழிகிறது, ஒரு பெண் தனியாகப் பயணம் போவது பாதுகாப்பா, பெட்டியில் என்ன வைத்து அனுப்பலாம், மாம்பழம் போகுமா என்பவை அடுத்தடுத்த கேள்விகள். நான் அந்த நாட்டில் படித்து, வாகன மின்னணுத் துறையில் சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு, இப்போது ஓசூரில் இருப்பவன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து புறப்படும் பிள்ளைகள் பலரிடம் பேசிய அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐயா, அங்கே போய் ஊர் சுற்றியதால் படிப்பைக் கோட்டைவிட்டவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். படிப்பைக் கோட்டைவிட்டவர்கள் பெரும்பாலும் அறையைவிட்டே வெளியே வராதவர்கள், அல்லது சம்பளத்துக்காக இரவுப் பணியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள். அதற்குக் காரணம் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. பர்கூரில் வருகைப்பதிவு குறைந்தால் துறைத்தலைவர் கூப்பிட்டுக் கேட்பார், வீட்டுக்குத் தகவல் போகும், இடைத்தேர்வுகள் பிள்ளையை மாதந்தோறும் உலுக்கிக்கொண்டே இருக்கும். அங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப்பதிவே கிடையாது. ஒரு பாடத்தின் மதிப்பெண் முழுவதும் பருவ இறுதியில் நடக்கும் ஒரே ஒரு தேர்வில் அடங்கிவிடுவது மிகச் சாதாரணம். அந்தத் தேர்வுக்கும் பிள்ளையே குறிப்பிட்ட நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்யத் தவறினால், பாடம் முழுவதும் தலைகீழாகத் தெரிந்திருந்தாலும் தேர்வு எழுத முடியாது. ஒரு தேர்வை வழக்கமாக மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாம் முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியிருக்கும், அதே படிப்பை அந்நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது, தங்கும் அனுமதியும் அதோடு ஆட்டம் காணும்.

ஆகவே தொலைபேசியில் உங்கள் மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பருவத்தில் எந்தெந்தத் தேர்வுகளுக்குப் பதிவு செய்திருக்கிறாய், எத்தனை கிரெடிட் வருகிறது என்பதுதான். முதுநிலைப் படிப்புக்கு மொத்தம் 120 கிரெடிட், ஒரு பருவத்துக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முப்பது கிரெடிட் என்பது ஒரு முழுநேர வேலைக்குச் சமமானது என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அவர் 1.3 வாங்கினேன் என்று சொன்னால் யாரும் பதறிவிட வேண்டாம். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 தோல்வி. மகன் 1.7 வாங்கியதற்காகக் குலதெய்வம் கோயிலில் வேண்டிக்கொண்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். அது நல்ல மதிப்பெண் என்று புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு சாதாரண நாள் எப்படிக் கழிகிறது என்றால், முதல் சில வாரங்கள் படிப்பைவிடக் காகிதங்களோடுதான் கழியும். வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்று அங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. அந்தப் பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, வரி எண், தங்கும் அனுமதிக்கான ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை என்று மற்றவை ஒவ்வொன்றாக நகரும். எல்லாம் இணையத்தில் நடக்கும் நாடு என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே போனால் எல்லாமே தபாலில் வருகிறது. வங்கி அட்டை ஓர் உறையில், அதன் ரகசிய எண் வேறொரு நாளில் வேறோர் உறையில், காப்பீட்டு அட்டை மூன்றாவது உறையில் வரும். கீழ்த்தளத்துத் தபால் பெட்டியில் தன் பெயரை ஒட்டி வைக்கவில்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். நம் பெயர்களை எழுதுவதில் இன்னொரு சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பிள்ளையோ தன் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இரண்டு பெயர்களையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முகவரி பதிவான பிறகு வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சியே இல்லை என்று அதைக் குப்பையில் போடக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பதால், கூட இருப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம்.

சமையல்தான் அன்றாடத்தின் பெரும்பகுதி. மாணவர் விடுதியில் மூன்று நான்கு பேருக்கு ஒரு பொதுச் சமையலறை, குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. அடுப்பு மின்சாரத்தில் ஓடும். நிறுத்திய பிறகும் சூடு தணிய நேரமாகும் என்பதால் பால் பொங்கி வழிவதும் அரிசி அடிப்பிடிப்பதும் முதல் மாதத்தில் எல்லோருக்கும் நடப்பது. காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் கூரையில் இருக்கும் புகை உணர்கருவி அலறும். சில கட்டடங்களில் அந்த ஓசை நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கே போய்விடும், வண்டி வந்த செலவையும் கேட்பார்கள். சன்னலைத் திறந்து வைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். கேழ்வரகு மாவு பெரிய நகரங்களின் ஈழத்தமிழர் கடைகளிலும் இந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. களி கிண்டலாம், ஆனால் பாத்திரம் அடுப்பில் வழுக்கும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிண்ட வேண்டியிருக்கும். நண்பகலில் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் விலையில் மூன்று நான்கு யூரோவுக்கு ஒரு வேளை உணவு கிடைக்கும். சைவம் கட்டாயம் இருக்கும், காரம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் பாலும் ரொட்டியும் வாங்கி வைக்காதவர்கள் ரயில் நிலையக் கடையைத் தேடிப் போக வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் உரக்கப் பேசக் கூடாது, ஞாயிறன்று கண்ணாடிப் புட்டிகளைக் குப்பைக் கலனில் போட்டு ஓசை எழுப்பக் கூடாது. குப்பையைத் தாள், நெகிழி, உணவுக் கழிவு என்று பிரித்துப் போட வேண்டும். தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கி எறிவதில்லை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் புட்டி ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள், கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும்.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். குளிர் ஒரு நல்ல மேலங்கியோடு தீர்ந்துவிடும் விஷயம். தீராதது இருட்டு. டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் கெம்னிட்ஸில் பொழுது சாய்ந்துவிடும், காலையில் எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். நம் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை மனம் சோர்ந்துபோவது இயல்பு, முதல் பருவத்தின் தேர்வுகளும் அதே பிப்ரவரியில்தான் வரும். அந்த மாதங்களில் வீட்டுக்கு அடிக்கடி பேச வேண்டும் என்று உங்கள் மகளுக்கே தோன்றும். ஆனால் நேரக் கணக்கை நினைவில் வையுங்கள்: குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி. காலை ஆறு மணிக்குப் பால் கறந்து ஊற்றிவிட்டு உங்கள் துணைவியார் ஆசையாக அழைத்தால், அங்கே நள்ளிரவு ஒன்றரை மணியாக இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் வங்கிக்கு அலைந்த உங்களுக்கு அது முன்பே தெரியும். 2024 செப்டம்பர் முதல், செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். ம்யூனிக் போன்ற நகரத்தில் வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். கெம்னிட்ஸ் ஜெர்மனியிலேயே வாடகை மலிவான நகரங்களில் ஒன்று. விடுதி அறை முந்நூறு யூரோவைச் சுற்றிக் கிடைக்கும். காப்பீட்டுக்கு மாதம் நூறு யூரோவுக்கு மேல் ஆகும், அதில் பேரம் கிடையாது. மீதியில் சிக்கனமாகச் சமைத்துச் சாப்பிட்டு, மாதம் ஒரு சிறு தொகையை மிச்சம் பிடிக்க முடியும். உங்கள் மகள் கெம்னிட்ஸைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பகுதிநேர வேலைக்குச் சட்டம் இடம் தருகிறது: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்து, 2026 ஜனவரியில் 13.90 ஆனது. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் கண் விரியும். அந்தக் கணக்குத்தான் ஆபத்தானது. கிடங்கில் இரவில் பெட்டி தூக்கும் வேலை முதல் பருவத்திலேயே கிடைக்கும், காலை விரிவுரையோ போய்விடும். பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகவோ, துறை சார்ந்த நிறுவனத்தில் மாணவப் பணியாளராகவோ சேர்வதே படிப்புக்கும் பிற்கால வேலைக்கும் உதவும். அதற்கு ஜெர்மன் மொழி வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் படிப்பு முடிந்த பிறகு திண்டாடுகிறார்கள். வாகனத் தொழிலில் இப்போது காற்று எதிர்த்து வீசுகிறது. வோல்க்ஸ்வாகன் நிறுவனமே 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. மொழி தெரியாதவருக்கு அந்தச் சந்தையில் இடம் இன்னும் சுருங்கும். இங்கேயே பி1 என்ற இடைநிலை வரை ஜெர்மன் படித்துவிட்டுப் போனால் நல்லது. அங்கே போய் நான்கு தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே வீட்டில் இருப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், சாம்பாரும் நன்றாக வரும், ஜெர்மன் மட்டும் வராது. ஓரிருவராவது வேறு நாட்டவர் இருக்கும் வீட்டைத்தான் நான் சொல்வேன்.

இனி பயணங்களுக்கு வருகிறேன். பயணம் என்று படத்தில் தெரிவதில் பெரும்பாலானவை ஏறத்தாழச் செலவே இல்லாதவை. பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்தோடு நாடு முழுவதற்குமான ரயில் சீட்டும் சேர்ந்தே வருகிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற அந்த மாதச் சீட்டின் விலை 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆனது. மாணவர்களுக்கான சீட்டு அந்த விலையில் அறுபது விழுக்காடு. நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் நாட்டின் எந்த மூலைக்கும் அதைக் காட்டிப் போகலாம், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரைகூடப் போகலாம். அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. தெரியாமல் ஏறி அமர்ந்தால் 60 யூரோவோ அதற்கு மேலோ கட்ட நேரும். உங்கள் மகளின் பல்கலைக்கழகத்தில் அந்த ஏற்பாடு எந்த வடிவில் இருக்கிறது என்பதைச் சேர்க்கைக் கடிதத்தோடு வந்த கட்டண விவரத்தில் பாருங்கள்.

கெம்னிட்ஸின் இருப்பிடமே பயணத்துக்கு வாகானது. லைப்சிக்கும் ட்ரெஸ்டனும் ஒவ்வொன்றும் ரயிலில் ஒரு மணி நேரம். ட்ரெஸ்டனிலிருந்து புறநகர் ரயிலில் எல்பே ஆற்றோரமாகப் போய் ராத்தன் என்ற சிற்றூரில் இறங்கி, படகில் ஆற்றைக் கடந்து, காட்டுப் படிகளில் ஏறினால் பாஸ்டை பாறைகள் வரும். ஆற்றுக்கு மேலே 194 மீட்டர் உயரத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் மணற்கற்பாறைகளுக்கு இடையே, 1851இல் கல்லால் கட்டிய பாலம் இருக்கிறது. ரயில் சீட்டு கையில் இருந்தால், படகுக் கட்டணமும் டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சைச் சோறும்தான் அந்த நாளின் செலவு. சனிக்கிழமை காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம், ஸ்டேட்டஸில் போட்டாலோ பெரிய சுற்றுலாவாகத் தெரியும். டிசம்பரில் ட்ரெஸ்டனின் கிறிஸ்துமஸ் சந்தை அவசியம் பார்க்க வேண்டியது. 1434 முதல் நடந்து வருவது. கெம்னிட்ஸிலும் பார்க்க இருக்கிறது. 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்குப் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம். ஏழு மீட்டர் உயரமுள்ள மார்க்ஸின் வெண்கலத் தலை இன்றும் நகர நடுவில் நிற்கிறது. 2025இல் அந்நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகவும் இருந்தது.

அடுத்த வட்டம் எல்லை தாண்டுவது. செக் நாட்டின் பிராக் நகரம் கெம்னிட்ஸிலிருந்து, தருமபுரியிலிருந்து பெங்களூரு இருக்கும் தொலைவைவிடச் சற்றே கூடுதலான தொலைவில் இருக்கிறது. ரெசிடென்ஸ் பெர்மிட் கையில் இருப்பவர் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் கூட்டமைப்பின் மற்ற நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தனி விசா இல்லாமல் போய்வரலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது, ஆகவே அங்கும் போகலாம். கைப்பேசி மட்டும் கவனம். 2017 ஜூன் முதல் ஒன்றிய நாடுகளுக்குள் உள்ளூர்க் கட்டணத்திலேயே பேசலாம் என்ற விதி சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது, அங்கே இணையத்தை அணைக்காமல் ரயிலில் படம் பார்த்துக்கொண்டு போனால் கட்டணம் எகிறும். லண்டனில் சித்தப்பா வீடு இருக்கிறது, ஒரு எட்டுப் போய்வருகிறேன் என்றால் அது நடக்காது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும்.

எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையும் அசலாகவே கையில் இருக்க வேண்டும், கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. ஷெங்கனுக்குள் சோதனை கிடையாது என்று பழைய காணொளிகளில் சொல்வதை நம்ப வேண்டாம். 2023 அக்டோபரில் செக், போலந்து எல்லைகளிலும், 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளிலும் ஜெர்மனி தற்காலிகச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. பிராகிலிருந்து திரும்பும் இரவுப் பேருந்தை எல்லையில் நிறுத்தி, காவலர்கள் இருக்கை இருக்கையாக வந்து அட்டையைக் கேட்பார்கள். இதைவிட முக்கியமான ஒன்று: இங்கிருந்து வாங்கிப் போகும் விசா காலாவதியாகி, ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை இன்னும் வராமல், இடைக்காலத்துக்கு ஒரு தாள் மட்டும் தந்திருக்கும் நாட்கள் பலருக்கும் வருகின்றன. அந்தத் தாளில் பல வகை உண்டு, எல்லா வகையும் நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப இடம் தருவதில்லை. அந்த நாட்களில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் பிராகுக்கும் போகக் கூடாது, அக்காவின் கல்யாணத்துக்கென்று பெங்களூருக்கும் விமானம் ஏறக் கூடாது.

தொலைதூரப் பயணங்களுக்கு இரவுப் பேருந்து மலிவு. ஒரு மாத விடுமுறையில் பல நாடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் இன்டர்ரெயில் சீட்டு உண்டு. அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கானது, இந்தியக் குடிமகளும் அங்கே வசிப்பதற்கான சான்றைக் காட்டி வாங்கலாம். இத்தகைய நீண்ட பயணத்துக்குச் சரியான காலம் தேர்வு முடிந்த மார்ச், அல்லது ஆகஸ்ட், செப்டம்பர். விரிவுரைகள் அக்டோபரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரையும், ஏப்ரலிலிருந்து ஜூலை வரையும் நடக்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் தேர்வு. விடுமுறையில் பொங்கலும் வராது, மாம்பழக் காலமும் வராது. இரண்டும் விரிவுரை நாட்களில்தான் விழுகின்றன. எந்தத் தேதியில் எடுத்த படம் என்று பாருங்கள்: மார்ச்சிலும் செப்டம்பரிலும் சுவிஸ் மலையில் நிற்கும் பிள்ளையைப் பற்றி எந்தக் கவலையும் வேண்டாம், பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நின்றால் மட்டும் தேர்வு எப்போது என்று மெதுவாகக் கேளுங்கள்.

தமிழர்களுக்கென்றே சில பயணங்களும் உண்டு. ஜெர்மனியின் மேற்கிலுள்ள ஹம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் நடக்கும் அதன் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே கோபுரம் எழுந்து நிற்க, பட்டுச் சேலை கட்டிய பெண்கள் தேர்வடம் பிடிப்பதைப் பார்த்தால் ஊர் ஏக்கம் சில மாதங்களுக்குத் தாங்கும். பாரிஸில் ஈபிள் கோபுரத்தைப் பார்த்த பிறகு, வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா சப்பல் பகுதிக்குப் போகச் சொல்லுங்கள். முருங்கைக்காய் முதல் கொத்துரொட்டி வரை தமிழிலேயே பேசி வாங்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் எழுதுகிறேன். கெம்னிட்ஸில் 2018 ஆகஸ்டில் ஒரு கொலையைத் தொடர்ந்து வெளிநாட்டவருக்கு எதிரான பெரிய ஆர்ப்பாட்டங்களும் தாக்குதல்களும் நடந்தன. சாக்சனியில் வலதுசாரி அரசியல் வலுவாக இருப்பதும் உண்மை. அதே நகரில் நம் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள், அவர்களுடைய அன்றாடம் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் போகிறது. டிராமில் ஒரு முறைப்பு, கடையில் ஒரு கடுஞ்சொல் என்று எப்போதாவது நேரலாம். ஆர்ப்பாட்டம் அறிவித்திருக்கும் நாட்களில் நகர நடுப்பகுதியைத் தவிர்ப்பதும், கால்பந்து ஆட்டம் முடிந்து குடித்துவிட்டு வரும் கூட்டம் நிறைந்த ரயில் பெட்டியில் ஏறாமல் அடுத்த பெட்டிக்குப் போவதும் அங்கே வாழ்பவர்களின் வழக்கம். காவல்துறைக்கு 110, மருத்துவ அவசரத்துக்கும் தீயணைப்புக்கும் 112. பெண்கள் இரவில் தனியாக டிராமில் வருவது அங்கே இயல்பான காட்சிதான். என் கவலையெல்லாம் கடைசி ரயிலைப் பற்றியது. ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்பது பழங்கதை. தாமதம் இப்போது அன்றாடம். இரண்டு இடங்களில் வண்டி மாற வேண்டிய பயணத்தில் முதல் வண்டி தாமதமானால், ஆளில்லாத சிற்றூர் நிலையத்தில் நள்ளிரவில் நிற்க நேரும். ஆகவே கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியிலேயே திரும்பும்படி திட்டமிடச் சொல்லுங்கள்.

இனி பெட்டி. கிருஷ்ணகிரி மாம்பழம் போகாது, ஐயா. 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கையில் கொண்டுபோகும் பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. மாங்காய் ஊறுகாயாகப் போகலாம். பச்சைக் கறிவேப்பிலை போகாது, உலர்த்திப் பொடித்தது போகலாம். பால் பொருள் எதுவும் கூடாது என்பதால் வீட்டு நெய்யும் பால்கோவாவும் கூடாது, இறைச்சியும் கூடாது. கருவாட்டுக்கு விதி இடம் தருகிறது, பொதுச் சமையலறை இடம் தராது. காவேரிப்பட்டணம் நிப்பட்டு தாராளமாகப் போகலாம், வெண்ணெய் சேர்க்காமல் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். கேழ்வரகு மாவு, புளி, மிளகாய்த் தூள், பருப்புப் பொடி எல்லாம் நன்றாகக் கட்டி வைத்தால் தொல்லையில்லை. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவரின் சீட்டோடு மூன்று மாதத்துக்கு வைக்கலாம். குக்கர் எடுத்துப் போவதானால் அலுமினியம் வேண்டாம். சில விடுதிகளில் தூண்டல் அடுப்பு (இண்டக்சன்) இருக்கிறது, அதற்கு அடி தட்டையான எஃகுக் குக்கர்தான் பயன்படும். மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், ஆனால் நம் மூன்று கம்பிப் பிளக் அங்கே நுழையாது; மாற்றும் அடாப்டர் இரண்டு போதும்.

புறப்படும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போது சனிக்கிழமை இரவு போய்ச் சேரும்படி விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் ம்யூனிக்குக்கும் நேர் விமானங்கள் இருக்கின்றன. வாரநாளில் காலையில் இறங்கினால் ரயிலேறிப் பகலிலேயே கெம்னிட்ஸ் போய்ச் சேரலாம், விடுதி அலுவலகம் திறந்திருக்கும்போதே சாவியும் வாங்கிவிடலாம். சான்றிதழ்களின் மூலப்படிகள், சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிச்சீட்டு, காப்பீட்டுத் தாள், விடுதி ஒப்பந்தம் ஆகியவை பெரிய பெட்டியில் போகக் கூடாது. அவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கைப்பையில் வைத்து, நகல் ஒரு தொகுப்பை உங்கள் வீட்டு அலமாரியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.